தப்புக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்

பயிற்சிகளுக்குக் குறைவில்லை, சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் ஓர் ஆசிரியர் தம் தொழிலில் எங்கே வளர்கிறார்? எதனால் சோர்ந்துபோகிறார்? மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

52-லிருந்து 27-ஐக் கழித்தால் 35. 64-லிருந்து 38 போனால் 34. 71-லிருந்து 46 போனால் 35.

நோட்டில் இப்படி வரிசையாக மூன்று விடைகள். மேசையில் இன்னும் முப்பது நோட்டுகள் காத்திருக்கின்றன. மணி அடிக்கப் பத்து நிமிடம்கூட இல்லை. சிவப்புப் பேனா மூன்று பெருக்கல் குறிகளைப் போடும். ஓரத்தில் 'கவனம் தேவை' என்று ஒரு வரி. பிறகு அடுத்த நோட்டு. நம் பள்ளிகளில் அன்றாடம் நடப்பது இதுதான். இதற்காக எந்த ஆசிரியரையும் குறைசொல்ல முடியாது.

ஆனால், அந்த மூன்று விடைகளையும் சேர்த்துவைத்து ஒரு நிமிடம் பாருங்கள். முதல் கணக்கில் ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது. குழந்தை அதைத் திருப்பிப்போட்டு, 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. பத்தாம் இடத்தில் 5-லிருந்து 2 போக 3. ஆக 35. அடுத்த கணக்கில் 8-லிருந்து 4. அதற்கும் அடுத்ததில் 6-லிருந்து 1. மூன்றிலும் ஒரே விதி: மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காதே, பெரியதிலிருந்து சிறியதைக் கழி. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? ஒரு விதியைக் கொஞ்சமும் பிசகாமல் மூன்று முறை பின்பற்றியிருக்கிறது அந்தக் குழந்தை. 48-லிருந்து 25-ஐக் கழிக்கச் சொன்னால் அதே விதிப்படி 23 என்று சரியாகவே சொல்லும். பல கணக்குகளில் 'ரைட்' வாங்கித் தந்த விதி தப்பானது என்று அதற்கு எப்படித் தெரியும்?

1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களின் கழித்தல் கணக்குகளை அலசி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தைகள் செய்யும் தவறுகள் பல ஏனோதானோவென்று நேர்பவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் குழந்தை தானாக உண்டாக்கிக்கொண்ட ஒரு முறை இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கணக்குக்கு அந்தக் குழந்தை என்ன விடை சொல்லும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கழித்தலில் மட்டுமா? நூற்று மூன்றை 1003 என்று எழுதும் குழந்தை, முதலில் நூறை எழுதிப் பக்கத்தில் மூன்றை எழுதுகிறது. காதில் விழுந்தபடியே எழுதுகிறது. 'வாளப்பளம்' என்று எழுதும் குழந்தை தன் வீட்டில் பேசுவதை அச்சு அசலாக எழுதியிருக்கிறது. ஒலிக்கு எழுத்து என்ற பாடம் அதற்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. அதன் காது ழகரத்தை இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்குதான் பெரியது என்று அடித்துச் சொல்லும் ஐந்தாம் வகுப்புப் பையன், 'மூன்றைவிட நான்கு பெரியது' என்று முன்பு கற்றதை நம்பிச் சொல்கிறான்.

இப்படி ஒரு தவறுக்குள் இருக்கும் காரணத்தைப் பிடித்துவிட்ட மாலையில், அந்த ஆசிரியர் தம் தொழிலில் ஒரு படி ஏறிவிட்டார். மறுநாள் அவர் நடத்தப்போகும் பாடம் வேறு மாதிரி இருக்கும். ஆசிரியருக்கான ஊக்கமும் வளர்ச்சியும் இந்த இடத்தில்தான் ஊற்றெடுக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. சிக்கல் என்னவென்றால், நம்முடைய ஏற்பாடுகள் எல்லாம் வேறு எங்கோ தோண்டிக்கொண்டிருக்கின்றன.

மணிக்கணக்கும் கையெழுத்தும்

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி உரிமையாகவே உண்டு. தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு நன்றாகவே இருக்கிறது. மேலே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். மாவட்டங்களில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். அதற்குக் கீழே வட்டார வள மையம். கடைசியாக, பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையம்.

குறுவள மையக் கூட்டம் என்றால் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பெரும்பாலும் சனிக்கிழமை. மாணவர்களுக்கான பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. கருத்தாளர், தாம் இரண்டு நாள் முன்பு வேறொரு பயிற்சியில் பார்த்த அதே படக்காட்சியை ஓட்டுவார். பதினோரு மணிக்கு டீ. பிறகு குழுச் செயல்பாடு. சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒருவர் எழுந்து வாசிப்பார். சாயங்காலம் பின்னூட்டப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது'. திங்கட்கிழமை வகுப்பறைக்குள் நுழைந்தால், 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிய குழந்தை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாப் பயிற்சியும் வீண் என்று சொல்லவில்லை. நல்ல கருத்தாளர் ஒருவர் வாய்த்தால் அந்த ஒரு நாள் பல ஆண்டுகளுக்குப் பேசும். ஆனால், பொதுவாக இந்தப் பயிற்சிகளில் பேசப்படும் பொருளை மேலே இருப்பவர்கள் முடிவுசெய்கிறார்கள். ஆசிரியர் கையில் வைத்திருக்கும் நோட்டுகள் பள்ளியிலேயே தங்கிவிடுகின்றன.

இதோடு இப்போது தேர்வு பயமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் இரவில் 'கைடு' வாங்கிவைத்து, 150 கொள்குறி வினாக்களுக்குத் தயாராகிறார்கள். தகுதி வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. தேர்வுத் தாளில் குழந்தை உளவியலும் இருக்கிறது. ஆனால், பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகள் எத்தனை என்று டிக் அடிப்பதும், எதிரில் இருக்கும் குழந்தை ஏன் திருப்பிப்போட்டுக் கழிக்கிறது என்று கண்டுபிடிப்பதும் வேறு வேறு திறமைகள். முன்னதற்குத் தேர்வு இருக்கிறது. பின்னதற்கு ஒன்றுமில்லை.

எட்டாம் வகுப்பு படித்த வாத்தியாரம்மா

ஷாங்காயில் வளர்ந்த லிப்பிங் மா, சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர். அப்போது அவர் படித்திருந்தது எட்டாம் வகுப்பு. அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரச் சொன்னார்கள். அப்படி ஆசிரியரானவர், பின்னாளில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வு 1999-ல் புத்தகமாக வந்தபோது கணிதக் கல்வி உலகம் திரும்பிப் பார்த்தது.

சீன ஆசிரியர்கள் 72 பேர், அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர். எல்லோருமே தொடக்க வகுப்புக் கணிதம் நடத்துபவர்கள். இவர்களிடம் லிப்பிங் மா எளிய கேள்விகளைக் கேட்டார். ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும்? அமெரிக்கர்களில் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர்தான். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகச் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ஆசிரியர்கள் பட்டம் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சியோடு வேலைக்கு வந்தவர்கள்.

லிப்பிங் மா கேட்ட முதல் கேள்வியே இந்தக் கழித்தல் கணக்குத்தான். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்? அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர், பக்கத்து இலக்கத்தை வெட்டி, ஒன்று குறைத்து, இந்தப் பக்கம் சேர்க்கும் படிகளைச் சொன்னார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர், ஒரு பத்தை உடைத்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். 20-க்குள் கழிக்கும்போதே இதற்கான அடித்தளத்தைப் போட்டுவிட வேண்டும் என்றார்கள். எந்த வகுப்பில் எதைச் சொன்னால் மூன்று ஆண்டுகள் கழித்து எது எளிதாகும் என்ற வரைபடம் அவர்கள் மனத்தில் இருந்தது.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? வேலைக்கு வந்த பிறகு வந்தது. சீனப் பள்ளிகளில் ஒரே பாடம் நடத்துபவர்கள் குழுவாகத் தவறாமல் கூடுவார்கள். பாடப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பார்கள். இந்த எடுத்துக்காட்டை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள், இங்கே பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று விவாதிப்பார்கள். நம் ஊரில் உயர்கல்வி முடித்த ஆசிரியர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு நீண்ட காலம் வழங்கப்பட்டு, 2020-ல் நிறுத்தப்பட்டது. அது சரியா, தவறா என்பது தனி வழக்கு. ஆனால் எம்.ஏ., எம்.ஃபில்., எம்.எட். என்று பெயருக்குப் பின்னால் நீளும் பட்டங்கள் மட்டுமே ஆசிரியரின் வளர்ச்சி என்ற எண்ணத்துக்கு லிப்பிங் மாவின் புத்தகம் நல்ல மறுப்பு.

பாடத்தை எல்லோரும் பார்க்கலாம்

ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் வழக்கம் ஒன்று உண்டு. நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாட வேளையை எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்று பேசி, வாரக்கணக்கில் அந்த ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். கரும்பலகையில் எது எந்த மூலையில் வர வேண்டும் என்பதுவரை பேச்சு ஓடும். பிறகு ஒருவர் அதை நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள்.

அவர்கள் பார்ப்பது யாரை? ஆசிரியரை அல்ல; பிள்ளைகளை. இந்தப் பையன் எந்த நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்தான், அந்தப் பெண் எந்த வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள் என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில் உட்கார்ந்து பேசி, பாடத்தைத் திருத்துவார்கள். திருத்திய பாடத்தைப் பல நேரங்களில் வேறோர் ஆசிரியர், வேறொரு வகுப்பில் நடத்துவார். ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் இருவரும் 1999-ல் எழுதிய நூல் வழியாக இந்த முறை மற்ற நாடுகளுக்கும் பரவியது.

இதிலுள்ள நுட்பம் எளியது. பாடம் குழுவின் சொத்து. எனவே விமர்சனம் பாடத்தின் மேல் விழும், நடத்தியவர் மேல் விழாது. நம் பள்ளிகளில் வகுப்புக்குள் இன்னொரு பெரியவர் நுழைந்தால் அதன் பெயர் 'விசிட்'. வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார் என்று போன் வந்ததும் பாடக்குறிப்பு எழுதி முடிக்கப்படும், சார்ட்டுகள் சுவரில் ஏறும், நன்றாகப் படிக்கும் பிள்ளை முதல் வரிசைக்கு வரும். பார்வையிடுதல் என்றாலே மாட்டிக்கொள்வது என்றாகிவிட்ட இடத்தில், 'சார், என் கிளாஸ்ல வந்து கொஞ்சம் பாருங்களேன், பின்னம் சுத்தமா ஏறவே மாட்டேங்குது' என்று பக்கத்து வகுப்பு ஆசிரியரை யார் கூப்பிடுவார்கள்?

அமெரிக்கச் சமூகவியலர் டான் லார்ட்டி 1975-லேயே ஆசிரியத் தொழிலின் தனிமையைப் பற்றி எழுதினார். இளம் மருத்துவர் மூத்தவர் பக்கத்தில் நின்று கற்கிறார். இளம் வழக்கறிஞர் சீனியரின் கட்டுகளைச் சுமந்து கற்கிறார். ஆசிரியர் மட்டும் முதல் நாளே தனியாக ஒரு வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவருக்குத் தெரிந்த கற்பித்தல் எல்லாம், தாம் மாணவராக இருந்தபோது எதிர் பெஞ்சிலிருந்து பார்த்ததுதான். அடித்த வாத்தியாரிடம் படித்தவர் அடிப்பதும், மனப்பாடம் செய்யச் சொன்ன டீச்சரிடம் படித்தவர் மனப்பாடம் செய்யச் சொல்வதும் இதனால்தான் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

அடையாறிலும் அட்டைகளிலும்

இதெல்லாம் ஜப்பானுக்கும் சீனாவுக்கும்தான் பொருந்தும் என்று தள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, அடையாறு. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மணி தேவியும் அழைக்க, மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு 69 வயது. அடையாறில் அவர் நடத்திய பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியும் இறங்கியது. இத்தாலியக் குடிமக்கள் என்பதால் அவரும் மகன் மாரியோவும் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டனர். பிறகு கொடைக்கானலில் தங்கிய ஆண்டுகளில் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு, அங்கிருந்த செடிகொடிகளையும் பூச்சிகளையும் பாடமாக்கிப் பார்த்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய கல்விமுறை பெரிதும் அங்கே உருப்பெற்றது. உலகப் புகழ் பெற்ற பிறகு, எழுபதை ஒட்டிய வயதில், குழந்தைகளைக் கவனித்துத் தம் முறையை விரித்துக்கொண்டவர் அவர். 'இருபது வருஷ சர்வீஸ், இனிமே எனக்கு என்ன புதுசா' என்று கேட்பவர்கள் கொடைக்கானலை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளிகளில் உருவான அட்டை முறையை, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிவைத்தார் அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவந்து, தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற அட்டைகளை உருவாக்கினார்கள். நாற்காலி போனது, ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் வந்தன. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப் படிகளில் ஏறியது. வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அச்சடித்த அட்டைப் பெட்டிகள் பள்ளிகளுக்கு வந்து இறங்கின. அட்டையை உருவாக்கிய ஆசிரியருக்கு ஒவ்வோர் அட்டையும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். பெட்டியை வாங்கிக்கொண்டவருக்கு அது இன்னொரு பதிவேடு. அட்டை ஒன்றேதான், ஆனால் யோசித்துச் செய்தவர் வளர்ந்தார், பெற்றுக்கொண்டவர் சலித்துக்கொண்டார். பின்னர் முப்பருவ முறை வந்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் நல்ல எண்ணம் அதற்குள் இருக்கிறது. மொட்டு நிலையில் இருக்கும் குழந்தை ஏன் அங்கேயே நிற்கிறது என்று ஆசிரியர்கள் கூடிப் பேச நேரம் கொடுத்தால் அது வளரும். செயலியில் பதிவேற்ற மட்டும் நேரம் கொடுத்தால், முந்தைய கதைதான் இதற்கும்.

'புரியலை சார்'

ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்னது அது. இதை எப்போதும் கலாமின் கதையாகவே சொல்கிறோம். ஆசிரியரின் கதையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அவர் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். புரிந்ததா என்று கேட்கிறார். புரியவில்லை என்கிறான் சிறுவன் கலாம். மற்ற பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். அந்தக் காலத்து வாத்தியாருக்கு அங்கே பல வழிகள் இருந்தன: கோபப்படலாம், மறுபடி அதையே உரக்கச் சொல்லலாம், அடுத்த பாடத்துக்குப் போகலாம். அவர் அன்று மாலையே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளைக் காட்டினார். 'புரியலை' என்பதைத் தம் மீதான குறையாகவோ பிள்ளையின் மீதான குறையாகவோ எடுத்துக்கொள்ளாமல், அடுத்த வேலைக்கான தகவலாக எடுத்துக்கொண்டார். அங்கே கற்றுக்கொண்டவர் கலாம் மட்டுமல்ல.

குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா வழக்கறிஞராக இருந்தவர். பாவ்நகரில் 1920-ல் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். அவர் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் கற்பனை ஆசிரியர், பெரிய கனவுகளோடு நான்காம் வகுப்புக்குள் முதல் நாள் நுழைகிறார். மாண்டிசோரி சொன்ன அமைதி விளையாட்டை நடத்தப் பார்க்கிறார். பிள்ளைகள் கூச்சல் போட்டு வகுப்பையே ரெண்டாக்குகிறார்கள். திட்டம் படுதோல்வி. வீட்டுக்குப் போய் யோசித்து, மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், வகுப்பு வசப்படுகிறது. ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு அந்த முதல் நாள் தோல்வியைப் போல ஆறுதல் தரக்கூடியது வேறில்லை.

இந்த வரிசையில் இன்னும் சில புத்தகங்கள் உண்டு. இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பள்ளியில் தோற்றுப்போன பிள்ளைகளுக்குப் பாதிரியார் ஒருவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியருக்கு எழுதிய கடிதம் 1967-ல் நூலாக வந்தது; தமிழிலும் வந்திருக்கிறது. தெத்சுகோ குரோயானாகியின் 'டோட்டோ-சான்' இருக்கிறது. இரா.நடராசனின் 'ஆயிஷா' இருக்கிறது; கேள்வி கேட்ட ஒரு மாணவியைப் பற்றி ஓர் ஆசிரியை சொல்லும் கதை. ச.மாடசாமியின் வகுப்பறைக் கட்டுரைகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு: ஆசிரியரைத் திருத்துவது குழந்தைதான்.

ஆசைப்பட்டால் போதுமா?

'நல்லா இருக்கு. நேரம் எங்கே?' என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர்; அவருக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' தகவல் தளத்தில் வருகை, நலத்திட்டப் பொருட்கள், மாணவர் விவரம் என்று பதிவேற்ற வேண்டியவை இருக்கும். சிக்னல் இல்லாத ஊரில் செல்போனைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போகும் ஆசிரியரிடம், குழந்தையின் தவறை ஆராயுங்கள் என்று உபதேசம் செய்வது எளிது.

தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலை இன்னும் மோசம். குறைந்த சம்பளம், நாள் முழுக்கப் பாட வேளைகள், வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய தேர்வுத் தாள்கள், விடுமுறையில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகும் வேலை. அவர்களின் தொழில் வளர்ச்சியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டினால் நல்ல ஆசிரியர். காட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு ஆள்.

எனவே இதை ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தின் மேல் மட்டும் ஏற்றிவைக்கக் கூடாது. நேரம் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதே சமயம், நேரம் வரட்டும் என்று காத்திருந்தால் பணிக்காலம் முடிந்துவிடும் என்பதையும் அனுபவசாலிகள் அறிவார்கள். அரசாணை எதுவும் இல்லாமலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

நாளைக்கே தொடங்கலாம்

* வாரத்துக்கு ஒரு நோட்டு போதும். முப்பதையும் ஆராய வேண்டாம். ஒரு குழந்தையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, எந்த விதியைப் பின்பற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

* தவறான விடையைத் திருத்துவதற்கு முன், 'இதை எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று கேளுங்கள். சரியான விடைக்கும் இதையே கேளுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்தாலே தான் தப்பு செய்துவிட்டதாகப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

* பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில், பாடம் முடிந்ததும் இரண்டு வரி: எங்கே தடுமாறினார்கள், அடுத்த ஆண்டு எதை மாற்ற வேண்டும். அலுவலருக்குக் காட்ட அல்ல, உங்களுக்காக.

* நம்பிக்கைக்குரிய சக ஆசிரியர் ஒருவரை மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். உங்களைப் பார்க்க வேண்டாம், மூன்று பிள்ளைகளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் அவர் வகுப்புக்குப் போங்கள்.

* கண்டுபிடித்ததை எழுதுங்கள். பள்ளிக் கல்வித் துறையே ஆசிரியர்களுக்காகக் 'கனவு ஆசிரியர்' என்ற இதழை நடத்துகிறது. விருது வாங்கிய செய்தியைவிட, ஒரு கழித்தல் தவறு எப்படிச் சரியானது என்ற ஒரு பக்கக் குறிப்பு நூறு ஆசிரியர்களுக்கு உதவும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது அதிகமில்லை. குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாதி நாளையாவது ஆசிரியர்களிடமே விட்டுவிடலாம். படக்காட்சி வேண்டாம், பின்னூட்டப் படிவம் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்து வரட்டும். கருத்தாளர் அவர்களோடு உட்கார்ந்து கேட்கட்டும். அந்தச் சனிக்கிழமையின் முடிவில் அனுப்ப வேண்டிய அறிக்கை ஒன்றே ஒன்று: பிள்ளைகள் இந்த மாதம் எங்கே தடுமாறினார்கள், அதற்கு என்ன செய்து பார்க்கப்போகிறோம். இப்படி வட்டாரம் வட்டாரமாகச் சேரும் குறிப்புகளைவிட நல்ல பயிற்சிக் கையேட்டை எந்த வல்லுநர் குழுவாலும் எழுத முடியாது.

தலைமை ஆசிரியர்கள், மாற்று ஏற்பாடு செய்து, மாதம் ஒரு பாட வேளையாவது ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் உட்கார வழிசெய்ய வேண்டும். தனியார் பள்ளித் தாளாளர்களும் இதைச் செய்யலாம், பைசா செலவில்லை.

கடைசியாக, பெற்றோர்களுக்கு. அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்கோ போகும்போது, 'எத்தனை மார்க்?' என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். 'எந்த இடத்துல குழம்பிக்கிறா, டீச்சர்?' என்று கேளுங்கள். பெற்றோர்கள் கேட்கத் தொடங்கிவிட்டால், அதற்குப் பதில் தேட ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பள்ளிகளுக்கு வந்துவிடும்.